மலை ஏரிக்கு யார் சாயம் போட்டது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு கலரைப் பத்தித்தான் பேசப்போறேன்.

அந்தப் படத்தை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பின்னால் மலைமுகடுகள் வரிசையாக நிற்கும், உச்சியில் கொஞ்சம் பனி. கீழே ஒரு ஏரி. அந்தத் தண்ணீர் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். கமென்ட்டில் யாராவது ஒருத்தர் "ப்ரோ, எடிட்டிங் கொஞ்சம் ஓவர்" என்று எழுதியிருப்பார். பெரும்பாலும் அந்த ஏரி கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் இருக்கிற மொரெய்ன் லேக். இல்லையென்றால் அதே பூங்காவில் வடக்கே இருக்கிற பேய்ட்டோ லேக்.

நான் கால்கரியில் இருக்கிறேன். இங்கிருந்து காரை எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் லேக் லூயிஸ் ஊர். அங்கிருந்து மொரெய்ன் பக்கம் 14 கிலோமீட்டர், பேய்ட்டோ பக்கம் இன்னும் நாற்பது. கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் அடிக்கடி போகிற இடங்கள் இவை. முதல் தடவை எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினபோது திருப்பூரிலிருந்து அம்மா உடனே போன் பண்ணினாங்க. "ஏன்டா, இது நெசமாவே தண்ணியா, இல்ல நீ சாயம் ஏத்துனதா?"

அம்மா கேட்டதில் ஒரு நியாயம் இருக்கு. எங்க ஊர்ல தண்ணி கலரா ஓடினா யாரும் நின்னு ரசிக்க மாட்டாங்க. நொய்யலில் சாயக்கழிவு ஓடின காலத்தைப் பார்த்தவங்க அவங்க. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற அளவுக்குப் போன விஷயம் அது. அப்புறம் அம்மா பல வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவங்க. இரண்டு துணியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் "இது ஷேட் மாறிருக்கு" என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாங்க. அவங்ககிட்ட "இயற்கைம்மா, சூப்பரா இருக்குல்ல" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எப்படி வந்த கலர் என்று சொல்லணும்.

அதனால முதல்ல அதைச் சொல்லிடறேன்.

பனியாறு என்றால் உறைந்துபோய்ச் சும்மா கிடக்கிற பனி இல்லை. கிளேசியர் என்று சொல்கிறோமே, அது தன் எடையிலேயே மெதுவாக மலைச்சரிவில் நகர்ந்துகொண்டிருக்கும். அடியில் கல், பாறைத்துண்டு எல்லாம் பனியோடு ஒட்டிக்கொண்டு வரும். பனி தனியாகப் பாறையை அரைக்காது. அதில் சிக்கிய கற்கள்தான் கீழே இருக்கிற பாறையை அரைக்கும். ஆட்டுக்கல்லும் குழவியும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆயிரக்கணக்கான வருஷம் ஓடுகிற கிரைண்டர். அதில் வருகிற பொடிக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கிற பெயரே பாறை மாவு என்றுதான் அர்த்தம் தரும். உண்மையிலேயே மாவுதான். கலரைத் தருகிற துகள்கள் ஒரு மில்லிமீட்டரை நூறாக வெட்டினால் வருவதைவிடச் சின்னவை. வெயில் காலத்தில் பனி உருகும்போது இந்த மாவும் ஓடைத் தண்ணீரோடு ஏரிக்கு வந்துவிடும். கனமான மணல் சீக்கிரம் அடியில் படிந்துவிடும். இந்தப் பொடி படியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும்.

இப்ப வெளிச்சம். வெயிலில் எல்லா நிறமும் இருக்கு. தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும், சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே. சாதாரணத் தெளிந்த ஆழமான ஏரியில் மிச்ச வெளிச்சமும் கீழே போய்த் தொலைந்துவிடும். அதனால்தான் அது கருநீலமாகத் தெரியும். மாவு கலந்த ஏரியில் வெளிச்சம் ஆழத்துக்குப் போகுமுன்னே துகள்களில் பட்டுச் சிதறி மேலே திரும்பி வரும். சிவப்பு போன பிறகு மிஞ்சிய நீலமும் பச்சையும் நம்ம கண்ணுக்கு வருது. அவ்வளவுதான். தண்ணீரில் சாயம் ஒரு சொட்டுகூட இல்லை. ஒரு கிளாஸில் மொண்டு பாருங்க, லேசாகக் கலங்கின தண்ணீர் மாதிரி இருக்கும், கலர் இருக்காது. இதைச் சொன்னதும் அம்மா ஒரே வார்த்தையில் முடிச்சுட்டாங்க. "அப்ப மயில் கழுத்து."

ஆமா, அதேதான். மயில் கழுத்து கலர் பட்டுப்புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடவையைச் சாய்க்கச் சாய்க்க நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். இந்த ஏரியும் நீங்கள் நிற்கிற இடத்தைப் பொறுத்து ஷேட் மாறும். போட்டோ எடுக்கிறவங்களுக்கு முக்கியமான பாயின்ட் இது. நிறைய பேர் கரையில், தண்ணீரை ஒட்டி நின்று எடுத்துவிட்டு "நேர்ல பார்த்த கலர் வரலையே" என்பார்கள். தாழ்ந்த கோணத்தில் பார்த்தால் தண்ணீரின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வானத்தையும் மலையையும்தான் காட்டும். மேலே ஏறினால் பிரதிபலிப்பு குறையும், உள்ளேயிருந்து வருகிற கலர் தெரியும். மொரெய்னில் ஏரி முனையில் ஒரு பெரிய பாறைக் குவியல் இருக்கு, அதன் மேலே நின்றுதான் எல்லாரும் அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுக்கிறார்கள். பேய்ட்டோவுக்கு ரோட்டிலிருந்து கொஞ்சம் ஏறினால் ஒரு பார்வை மேடை. அங்கிருந்து பார்த்தால் ஏரி மொத்தமும் ஓநாய்த் தலை மாதிரி கீழே கிடக்கும்.

நேரத்தைப் பத்தியும் ஒரு சண்டை போடணும். போட்டோகிராபி யூடியூப் சேனல் எல்லாம் சூரிய உதயம், கோல்டன் அவர் என்று மந்திரம் மாதிரி சொல்லும். மொரெய்னில் விடியற்காலையில் போனால் முகடுகள் ஆரஞ்சாக ஜொலிக்கும், நான் மறுக்கல. ஆனா அப்ப ஏரி நிழல்ல கிடக்கும். வெயில் தண்ணீரின் மேல் நேராக விழுந்து உள்ளே இறங்கினால்தான் மாவு வேலை செய்யும். அதாவது காலை பத்து, பதினொன்று, மத்தியானம். மற்ற எல்லா இயற்கைப் படத்துக்கும் 'மோசமான வெளிச்சம்' என்று ஒதுக்குகிற நேரம்தான் இதற்கு நல்ல நேரம். நிதானமா டிபன் சாப்பிட்டுட்டே போகலாம்.

நிதானமா என்றால் காரில் இல்லை. 2023லிருந்து மொரெய்ன் லேக் ரோட்டில் சொந்த வண்டிக்கு அனுமதி கிடையாது. ஷட்டில் பஸ்தான், முன்பதிவு வேணும். ரோடே ஜூனிலிருந்து அக்டோபர் நடு வரைக்கும்தான் திறந்திருக்கும். ஜூன் ஆரம்பத்தில் அவசரப்பட்டுப் போகாதீங்க. ஏரி மேல் பனிக்கட்டி மிச்சம் இருக்கலாம். பனி விலகின புதிதிலும் கலர் கருநீலமாகத்தான் இருக்கும், ஏன்னா மாவு இன்னும் வந்து சேரலை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் ஏற ஏற ஷேட் ஏறும்.

சரி, கேமரா. இங்கே செக்கிங் வேலையிலிருந்து அம்மா சொல்லிக்கொடுத்த ஒன்றை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். கம்பெனியில் ஷேட் பார்க்க ஒரு லைட் பாக்ஸ் இருக்கும். ட்யூப்லைட்டில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி தெரிகிற துணியை, ஒரே நிலையான வெளிச்சத்தில் வைத்துத்தான் ஓகே பண்ணுவார்கள். கேமராவில் அந்த வேலையைச் செய்வது வொயிட் பேலன்ஸ். அதை ஆட்டோவில் விட்டால் என்ன ஆகும்? படம் முழுக்க நீலமாக இருப்பதைப் பார்த்து, "வெளிச்சம் நீலமா இருக்கு போல" என்று முடிவு பண்ணி மஞ்சளை ஏற்றிவிடும். ஏரி மங்கிப்போய்ப் பாசி பிடித்த குளம் மாதிரி ஆகும். இல்லையென்றால் போனே இதை 'அழகான நிலக்காட்சி' என்று கண்டுபிடித்து, உங்களைக் கேட்காமலே கலரை ஏற்றிவிடும். இரண்டுமே ஏரி இல்லை.

அதனால் வொயிட் பேலன்ஸை வெயில் என்ற செட்டிங்கில் பூட்டிடுங்க, 5500 கெல்வினுக்குப் பக்கத்தில். போனிலும் ப்ரோ மோடில் இது பெரும்பாலும் இருக்கும். ரா ஃபைலாக எடுங்க. முதல் ஃப்ரேமில் ஒரு சாம்பல் நிற அட்டையை வெயிலில் பிடித்து ஒரு படம். கிரே கார்டு என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள், விலை அதிகமில்லை. வீட்டுக்கு வந்து எடிட் பண்ணும்போது அந்தச் சாம்பல் சாம்பலாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தே வைங்க. இந்த ஏரிகள் பால் கலந்த மாதிரி இருக்கும், வெளிச்சம் கூடினால் கலர் வெளுத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் ஆகிடும். மேலே பனி வேற இருக்கு, அதுவும் எரிஞ்சு போகும்.

போலரைசர் ஃபில்டர் பற்றி எனக்கு நிறைய கேள்வி வருது. அது ஏமாத்து வேலையா? தண்ணீரின் மேல் அடிக்கிற பளபளப்பை அது வெட்டும். தண்ணீர்ப் பரப்புக்குச் சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது ரொம்ப நல்லா வெட்டும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டு ஏரியைப் பார்க்கிறவர் பொய்யைப் பார்க்கிறார் என்று யாரும் சொல்ல மாட்டோம் இல்லையா? உள்ளே இருக்கிறதைக் காட்ட மேலே இருக்கிற திரையை விலக்குது, அவ்வளவுதான். நான் முழுசாகத் திருப்ப மாட்டேன், பாதி. முழுசாகத் திருப்பினால் தண்ணீர் தண்ணீராகவே தெரியாது, ப்ளாஸ்டிக் ஷீட் மாதிரி இருக்கும். வைட் லென்ஸில் வானம் ஒரு பக்கம் கருத்து ஒரு பக்கம் வெளுத்து அசிங்கமாகவும் வரும்.

சாச்சுரேஷன் ஸ்லைடர் விஷயத்தில் மட்டும் நான் கறார். அதை வலது பக்கம் இழுப்பது ரசனை சம்பந்தப்பட்டது, எனக்கென்ன என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பேய்ட்டோ மேடையில் நின்று பாருங்க. ஏரியின் தெற்கு முனையில் ஓடை வந்து சேர்கிற இடத்தில் வண்டல் விசிறி மாதிரி விரிந்திருக்கும். அங்கே தண்ணீர் சாம்பல். கொஞ்சம் தள்ளிப் பால் பச்சை. நடுவில் மயில் கழுத்து. வெளிச்சம் நல்லா இருக்கிற நாளில் இந்த ஷேட் படிப்படியாக மாறுவதைக் கண்ணாலேயே எண்ணலாம். மாவு எங்கிருந்து வருது, எப்படிப் பரவுது என்கிற முழுக்கதையும் அந்தப் படிகளில்தான் இருக்கு. ஸ்லைடரை இழுத்தால் முதலில் சாகிறது அதுதான். எல்லாம் சேர்ந்து ஒரே பெயின்ட். அந்தக் கமென்ட் போட்டவர் சொன்னது சரியாகிவிடும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கு. அதனால்தான் இந்த எபிசோடே.

இந்த மலைகளை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே போட்டோ எடுத்திருக்கிறார்கள். அழகுக்காக இல்லை, வரைபடம் போட. 1915ல் பிரிட்ஜ்லாண்ட் என்கிற சர்வேயர் பக்கத்திலிருக்கிற ஜாஸ்பர் பகுதியில் மலை மலையாக ஏறிக் கண்ணாடித் தகடுகளில் 735 படங்கள் எடுத்தார். கேமரா, தகடு, முக்காலி எல்லாம் ஆள் சுமந்து போகணும். 1990களின் இறுதியில் ஆராய்ச்சியாளர்கள் அதே இடங்களைத் தேடி, அதே கோணத்தில் திரும்பவும் படமெடுத்தார்கள். அது வளர்ந்து விக்டோரியா பல்கலைக்கழகத்தின் மவுன்டன் லெகசி ப்ராஜெக்ட் ஆனது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் பனி எவ்வளவு பின்வாங்கியிருக்கு, காடு எவ்வளவு ஏறியிருக்கு என்று அளந்தே சொல்லலாம். ஆனா எல்லாம் கருப்பு வெள்ளை. பனியின் எல்லை தெரியும். ஏரியின் கலர் தெரியாது.

அதே காலத்தில் மேரி ஷாஃபர் என்று ஒரு அம்மா. பென்சில்வேனியாக்காரர். கணவர் இறந்த பிறகு குதிரையில் ராக்கி மலைகளைச் சுற்றினவர். ஸ்டோனி நகோடா பூர்வகுடியைச் சேர்ந்த சாம்சன் பீவர், சின்ன வயதில் அப்பாவுடன் போன ஒரு ஏரியை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்தார். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு 1908ல் அவர் மலீன் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார். (வழி தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள் என்பதை 'கண்டுபிடித்தார்' என்று எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.) மேரி ஷாஃபர் தன் கண்ணாடி ஸ்லைடுகளுக்குக் கையால் வண்ணம் தீட்டுவார். பான்ஃபில் இருக்கிற வைட் மியூசியத்தில் அவை இருக்கின்றன. அழகோ அழகு. ஆனால் அந்தக் கலர் லென்ஸ் வழியாக வந்ததில்லை, தூரிகை வழியாக வந்தது. அவருடைய ஞாபகம், அவருடைய ரசனை. 1908ல் ஏரி என்ன ஷேட்டில் இருந்தது என்பதற்கு அதைச் சாட்சியாக வைக்க முடியாது. நம்ம ஸ்லைடரும் ஒரு தூரிகைதான். என்ன, ஆயிரம் மடங்கு சுலபம்.

கனடாவின் 20 டாலர் நோட்டின் பின்பக்கத்தில்கூட மொரெய்ன் லேக் இருந்தது, 1969லிருந்து கொஞ்ச காலம். நோட்டே பச்சை. அதுவும் சாட்சி ஆகாது. [சிரிப்பு]

ஏன் சாட்சி வேணும்? கிரைண்டர் நின்றுகொண்டிருக்கு. பேய்ட்டோ பனியாற்றை 1960களிலிருந்து விடாமல் அளந்துவருகிறார்கள். அது மெலிந்து மெலிந்து மேலே போய்க்கொண்டிருக்கு. அதன் முனையிலேயே இப்போது புதிதாக ஒரு ஏரி உருவாகியிருக்கு. மேலேயிருந்து வருகிற வண்டல் முதலில் அங்கே படியும், மிச்சம்தான் கீழே பேய்ட்டோ ஏரிக்கு. வடக்கே அத்தபாஸ்கா பனியாற்றில் எந்த வருஷம் பனி எங்கே இருந்தது என்று பூங்காக்காரர்கள் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். நடக்க நடக்க வருஷம் ஓடும். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது.

பனி வேகமாக உருகுகிற வருஷங்களில் மாவு கூடலாம், கலர் இன்னும் தூக்கலாகக்கூடத் தெரியலாம். கடைசி கடைசியா நல்லா எரியிற விளக்கு மாதிரி. பனியாறு ஓரளவுக்கு மேல் சுருங்கினால் அரைக்க ஆள் இல்லை. மிதக்கிற மாவு அடியில் படிந்துவிடும். தண்ணீர் தெளிந்துவிடும். ஏரி இருக்கும், நல்ல சுத்தமான கருநீல ஏரியாக இருக்கும், மற்ற எல்லா மலை ஏரியையும் போல. தெளிந்த தண்ணீரில் வெளிச்சம் ஆழமாகப் போவதால் அதில் வாழ்கிற நுண்பாசிக்கும் மீனுக்கும்கூட வாழ்க்கை மாறும்.

எல்லா வண்ண ஏரிக்கும் இதே கதை இல்லை, அதையும் சொல்லிடணும். இந்தோனேசியாவின் கெலிமுத்து எரிமலையில் மூணு ஏரி, வாயுவும் தாதுவும் செய்கிற வேலையால் தனித்தனிக் கலர், அது மாறிக்கொண்டேயும் இருக்கும். சீனாவின் ஜியுஜாய்கோவில் சுண்ணாம்புச் சத்து. அதெல்லாம் தனி எபிசோட்.

என்கிட்ட இப்போது ஒரு பழக்கம் இருக்கு. வருஷா வருஷம் ஜூலை மூணாவது சனிக்கிழமை பேய்ட்டோ மேடைக்குப் போவேன். மேடையின் மரக்கம்பியில் ஒரு ஆணி இருக்கு, அதுக்கு நேராக நிற்பேன். அதே லென்ஸ், அதே உயரம், காலை பதினொரு மணி. முதல் ஃப்ரேமில் சாம்பல் அட்டை. வானம் மேகமாக இருந்தால் அடுத்த சனிக்கிழமை. அந்த ரா ஃபைலைத் தொடாமல் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். இன்ஸ்டாவுக்குப் போடுவது அதன் காப்பி, அதில் நான் என்ன வேணா பண்ணிக்கலாம். மூணு வருஷம் ஆச்சு. மூணு படத்தையும் வரிசையாக வைத்து அம்மாவுக்கு அனுப்பினேன், எது எந்த வருஷம் என்று சொல்லாமல். இந்தத் தடவை சாயம் ஏத்துனதா என்று கேட்கலை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நடுவுல இருக்கிறது ஒரு ஷேட் கம்மி" என்றாங்க. அந்த வருஷம் குளிர்ச்சியாக இருந்ததா, மாவு லேட்டாக வந்ததா, மூணு படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முப்பது இருந்தால் சொல்லலாம்.

உங்க ஊர்ப் பக்கத்திலும் வருஷா வருஷம் ஷேட் மாறுகிற ஒரு குளமோ மலையோ இருந்தா, ஒரே இடத்தில் நின்று எடுக்க ஆரம்பிங்க. சாம்பல் அட்டையை மறக்காதீங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.